பழைய படகு மோட்டாரில் ஆயில் பம்பைத் துண்டிப்பது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலூர், இராணிப்பேட்டை பக்கத்தில் படகு மோட்டாரைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடந்தாலும், வரும்போது எப்படி வரும் என்பதை 2021 நவம்பரில் எல்லோரும் பார்த்தோம். காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி போன்ற ஏரிகள் நிரம்பித் தளும்பும் ஆண்டுகளில் தாழ்வான தெருக்களுக்குப் படகு தேவைப்படுகிறது. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆவது பட்டாலியன் அரக்கோணத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் அவர்கள் வந்து சேரும்வரை ஊரிலேயே ஒரு படகு தயாராக இருக்கட்டும் என்று இளைஞர்கள் சேர்ந்து பழைய மோட்டார் ஒன்றை வாங்கிப் போடுவது நல்ல காரியம். இந்தக் கட்டுரை அவர்களை மனத்தில் வைத்து எழுதியது.

கையில் இருக்கும் பணத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் 1980-களிலோ 90-களிலோ செய்த, படகின் பின்புறத்தில் வெளியே மாட்டும் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாராக இருக்கும். அவற்றில் ஒரு பகுதி, பெட்ரோலோடு ஆயிலைத் தானே சேர்த்துக்கொள்ளும் பம்ப் உள்ளவை. பம்ப் பழையதாகிவிட்டது, நம்பலாமா, கழற்றிவிட்டு ஆயிலைக் கையால் கலந்து ஊற்றலாமா என்பதுதான் வாங்கியவுடன் எழும் கேள்வி. கழற்றலாம். பெரும்பாலான மாடல்களில் அது ஒரு பிற்பகல் வேலைதான். ஆனால் அந்த வேலையில் ஸ்பேனர் பிடிப்பது பாதி; மீதிப் பாதி, உங்களுக்குப் பிறகு அந்த மோட்டாரைத் தொடப்போகிறவர்கள் வெறும் பெட்ரோலை ஊற்றிவிடாதபடி ஏற்பாடு செய்வது. இரண்டாவது பாதியைச் செய்ய மனம் இல்லை என்றால் முதல் பாதியைத் தொடவே வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்குள் ஆயில் தேங்கி நிற்கும் இடம் கிடையாது. பெட்ரோலோடு உள்ளே போகும் ஆயில்தான் கிராங்க் ஷாஃப்ட் பேரிங், பிஸ்டன், சிலிண்டர் எல்லாவற்றுக்கும் ஒரே வழவழப்பு. அது நின்றால், முழு வேகத்தில் சில நிமிடங்களிலேயே பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். கீழே புரொப்பெல்லர் பக்கத்தில் ஊற்றும் கியர் ஆயில் வேறு, இது வேறு. முதன்முறை மோட்டார் வாங்கியவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு.

உங்கள் மோட்டார் எந்த வகை?

மீனவர்கள் அதிகம் வைத்திருக்கும் யமஹா எண்டூரோ வகைகளில் பலவற்றில் தானியங்கி பம்பே கிடையாது. அவை தொடக்கத்திலிருந்தே கலந்த பெட்ரோலில் ஓடுபவை. மேல்மூடியைத் திறந்து பார்த்து, ஆயிலுக்கென்று தனி டாங்கோ தனிக் குழாயோ இல்லையென்றால் உங்களுக்குத் துண்டிக்க ஒன்றும் இல்லை. நேராகக் கலவையைப் பற்றிய பகுதிக்குப் போய்விடலாம்.

ஜான்சன், எவின்ரூட் என்ற பெயர்கள் மூடியில் இருந்தால் அவை இரண்டும் ஓ.எம்.சி. என்ற ஒரே அமெரிக்க நிறுவனத்தின் தயாரிப்புகள். 1984-இலிருந்து அவற்றில் வி.ஆர்.ஓ. என்ற பம்ப் வந்தது. பெட்ரோலையும் ஆயிலையும் ஒரே பம்ப் இழுத்து, கலந்து, கார்புரேட்டருக்கு அனுப்பும். வேகம் கூடினால் ஆயில் அளவும் கூடும்: முழு வேகத்தில் 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில், ஐட்லிங்கில் 150-க்கு 1 வரை. அந்த நிறுவனம் 2000 இறுதியில் திவாலானது. அதன்பின் வேறு கை மாறிய எவின்ரூட் பெயரும் 2020-இல் நின்றுபோனது. அதனால் நம் ஊரில் இருந்துகொண்டு புதிய பம்ப் தேடுவது கடினம். கழற்றும் எண்ணம் வருவதற்கு இதுவே பெரிய காரணம்.

யமஹா, மெர்க்குரி மோட்டார்களில் பம்ப் கிராங்க் ஷாஃப்டிலிருந்து பல்சக்கரத்தால் சுற்றுகிறது. அவற்றின் வேலைமுறை வேறு. பின்னால் சொல்கிறேன்.

ஒரு வகையில் மட்டும் கைவைக்கவே கூடாது. எவின்ரூட் இ-டெக், ஃபிக்ட், மெர்க்குரி ஆப்டிமேக்ஸ், யமஹா ஹெச்.பி.டி.ஐ. ஆகியவை பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சுபவை. அவற்றில் பெட்ரோல், கிராங்க் ஷாஃப்ட் சுழலும் கிராங்க் அறை வழியாகப் போவதே இல்லை. ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றினாலும் பேரிங்குக்கு ஒரு சொட்டுக்கூடப் போய்ச் சேராது. இந்தப் பெயர்களில் ஏதாவது ஒன்று மூடியில் எழுதியிருந்தால் பம்பைப் பழுது பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கழற்றத்தான் வேண்டுமா?

நல்ல பம்பைப் பயத்தினால் மட்டும் கழற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பம்ப் மறக்காது, மனிதன் மறப்பான். அதனால் முதலில் சோதித்துப் பாருங்கள்.

சோதனைக்கு முன், சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் பார்க்க வேண்டும். எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, திராட்டிலை முழுதாகத் திறந்துவைத்து இன்ஜினைச் சுழற்றுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே வேறுபாடு பத்துப் பதினைந்து விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. ஒரு சிலிண்டர் மட்டும் மிகவும் இறங்கியிருந்தால் பம்பாலோ வேறு காரணத்தாலோ அது ஏற்கெனவே கெட்டுவிட்டது என்று பொருள். இனி பம்பைக் கழற்றினாலும் வைத்திருந்தாலும் இன்ஜின் வேலை காத்திருக்கிறது. இந்தச் சோதனையை மோட்டார் வாங்குவதற்கு முன்பே விற்பவர் வீட்டில் செய்துவிடுவது இன்னும் நல்லது.

அடுத்து, ஆயில் டாங்கிலிருந்து பம்புக்குப் போகும் குழாயைக் கையில் பிடித்துப் பாருங்கள். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கிறதா, வளைத்தால் மேல்தோல் வெடிக்கிறதா, கிளாம்ப் இருக்கும் இடத்தில் கருப்பாக எண்ணெய் கசிந்து தூசி ஒட்டியிருக்கிறதா? பம்ப் கெட்டுவிட்டது என்று சொல்லப்படும் மோட்டார்களில் குழாயும் கிளாம்பும் மட்டுமே கெட்டிருப்பதும் உண்டு. தளர்ந்த கிளாம்ப் வழியாகக் காற்று புகுந்தால் ஆயிலுக்குப் பதில் குமிழிதான் பம்புக்குப் போகும். டாங்கின் அடியில் உறிஞ்சும் முனையில் ஒரு சிறு வடிகட்டி இருக்கும். நெடுநாள் கிடந்த டாங்கில் தண்ணீரும் பழைய ஆயிலும் சேர்ந்து, காய்ந்த கோந்து போல அந்த வடிகட்டியின் கண்களை அடைத்திருக்கும்.

பம்ப் உண்மையில் இழுக்கிறதா என்று அறிய, பெட்ரோல் டாங்கில் 50-க்கு 1 கலவையை ஊற்றிக்கொண்டு, ஆயில் குழாயின் நடுவில் கண்ணுக்குத் தெரியும் ஒரு துண்டுக் குழாயைச் சேர்த்து, ஆயில் டாங்கில் இப்போதைய மட்டத்தை மார்க்கரால் கோடு போட்டு, தண்ணீரில் ஓட்டிப் பாருங்கள். கலவை உள்ளே போவதால் பம்ப் வேலை செய்யாவிட்டாலும் இன்ஜினுக்கு ஆபத்தில்லை. புகை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். துண்டுக் குழாயில் ஆயில் குமிழி இல்லாமல் நகர்ந்து, கோட்டிலிருந்து மட்டம் இறங்கினால் பம்ப் உயிரோடு இருக்கிறது. அப்போது புதுக் குழாய், புதுக் கிளாம்ப் போட்டு வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. மட்டம் அசையவில்லை என்றாலோ, உதிரிபாகம் கிடைக்கவில்லை என்றாலோ, ஆயில் வரவில்லை என்று எச்சரிக்கும் ஹார்ன் செத்துப்போய் அதை உயிர்ப்பிக்க முடியவில்லை என்றாலோ கழற்றுங்கள்.

முதலில் ஆயில், அப்புறம்தான் ஸ்பேனர்

நம் ஊரில் டூ-ஸ்ட்ரோக் என்றால் ஆர்.எக்ஸ். 100 நினைவுக்கு வரும். அதற்கு வாங்கும் டூ-டி ஆயில் எந்தக் கடையிலும் கிடைக்கும். அதை இந்த மோட்டாரில் ஊற்றாதீர்கள். பைக் இன்ஜின் காற்றால் குளிர்வது, அதிக சூட்டில் ஓடுவது. அதன் ஆயிலில் சாம்பல் விடும் சேர்மானங்கள் உண்டு. அவுட்போர்டு தண்ணீரால் குளிர்வது. அந்தச் சாம்பல் பிஸ்டன் தலையிலும் பிளக்கிலும் படிந்து, நேரங்கெட்ட நேரத்தில் பற்றவைக்கும். படகு மோட்டாருக்கு டப்பாவின் மேல் டி.சி.டபிள்யூ-3 என்ற தரக்குறி உள்ள ஆயில்தான் வேண்டும். சென்னை காசிமேடு, ராயபுரம் பக்கம் படகு உதிரிபாகக் கடைகளில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மழைக்காலத்துக்குப் போதுமான அளவை ஒரே தடவையில் வாங்கி வைத்துவிடுவது நல்லது. வெள்ளம் வந்த பிறகு ஆயிலுக்காகச் சென்னைக்குப் போக முடியாது.

கூடவே எத்தனாலைத் தாங்கும் பெட்ரோல் குழாய், துருப்பிடிக்காத எஃகுக் கிளாம்புகள், பம்பில் ஆயில் குழாய் மாட்டியிருக்கும் குட்டி முனைக்கு, அதாவது நிப்பிளுக்கு, பொருந்தும் ரப்பர் மூடி, ஒரு புதிய பெட்ரோல் வடிகட்டி, மில்லி அளவு போட்ட குடுவை ஒன்று. பெட்ரோல் பங்குகளில் இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருப்பதால் முப்பது வருடத்துப் பழைய ரப்பர் எதையும் நம்ப வேண்டாம். ஆயில் குழாயைத் தொடும் அதே நாளில் பெட்ரோல் குழாயையும் மாற்றிவிடுங்கள்.

எதையும் கழற்றுவதற்கு முன் பெட்ரோல் டாங்கில் 50-க்கு 1 கலவை இருக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பம்பைக் கழற்றியாகிவிட்டது, கலவையை நாளைக் காலையில் செய்துகொள்ளலாம் என்று போவீர்கள். இரவில் யாரோ ஒருவர் ஆர்வத்தில் ஸ்டார்ட் செய்து பார்ப்பார்.

ஜான்சன், எவின்ரூட்: வேலைமுறை

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் மேல்மூடியை எடுங்கள். பக்கத்தில் அடுப்பு, பீடி, வெல்டிங் எதுவும் வேண்டாம். இன்ஜினின் பக்கவாட்டில் கருப்புப் பிளாஸ்டிக் உடலோடு உள்ளங்கை அளவில் இருப்பதுதான் வி.ஆர்.ஓ. பம்ப். முதலில் கைப்பேசியில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பம்புக்கு வரும் இணைப்புகளைப் பிரித்து அறிய வேண்டும். பெட்ரோல் உள்ளே வரும் குழாய் தடிமனானது. பெட்ரோல் குழாயின் நடுவே கையால் அமுக்குவதற்கு இருக்கும் ரப்பர் பந்திலிருந்து வருவதைத் தடவிக்கொண்டே போனால் தெரிந்துவிடும். ஆயில் உள்ளே வரும் குழாய் அதைவிட மெல்லியது, ஆயில் டாங்கிலிருந்து வருவது. கலவை வெளியே போகும் குழாய் கார்புரேட்டர்களை நோக்கிப் போகும். கிராங்க் அறையிலிருந்து பம்புக்கு வரும் இன்னொரு இணைப்பு, பம்பைத் துடிக்க வைப்பது. அதைத் தொடவே கூடாது. கிராங்க் அறையில் அழுத்தம் ஏறி இறங்குவதைக் கொண்டுதான் பம்ப் இயங்குகிறது. அது போனால் பெட்ரோலும் போகாது. கடைசியாக, மூன்றோ நான்கோ ஒயர்கள் உள்ள ஒரு பிளக்.

நாம் துண்டிக்கப் போவது ஆயில் குழாயை மட்டும். பம்ப் தன் இடத்திலேயே இருந்து வெறும் பெட்ரோல் பம்பாகத் தொடர்ந்து ஓடும்.

ஆயில் குழாயின் கீழே ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு, பம்பின் நிப்பிளில் உள்ள கிளாம்பை வெட்டி எடுங்கள். குழாயை நேராக இழுக்காதீர்கள். நிப்பிள் பிளாஸ்டிக், வயதானது, ஒடிந்துவிடும். பழைய குழாயைக் கத்தியால் நீளவாக்கில் லேசாகக் கீறி உரித்து எடுப்பது பாதுகாப்பானது. கத்தி நிப்பிளைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு கீறல் விழுந்தாலும் அங்கே காற்று புகும்.

இப்போது நிப்பிளில் ரப்பர் மூடியைச் செருகிக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். முழு வேலையிலும் அதிகக் கவனம் வேண்டிய இடம் இதுதான். ஆயில் உள்வாயைத் திறந்தபடி விட்டால் பம்ப் அதன் வழியாகக் காற்றை இழுத்துப் பெட்ரோலோடு அனுப்பும். பெட்ரோல் குறைந்து காற்று கூடிக் கலவை வறண்டுபோகும், சூடு ஏறும், பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். ஆயில் தட்டுப்பாட்டைத் தவிர்க்கச் செய்த வேலையே இன்ஜினைக் கொல்லும். டேப் சுற்றுவது, எம்-சீல் அப்புவது, குச்சி செருகுவது எதுவும் உதவாது. பெட்ரோலைத் தாங்கும் ரப்பர், அதன்மேல் கிளாம்ப். அவ்வளவுதான். மூடி கிடைக்கவில்லை என்றால் பொருத்தமான புதுக் குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஒரு முனையை நிப்பிளிலும் மறுமுனையில் வழவழப்பான ஒரு பித்தளைத் தண்டையும் செருகி, இரண்டு பக்கமும் கிளாம்ப் போடலாம்.

மறுபக்கம் டாங்கிலிருந்து வரும் குழாயை முழுதாக எடுத்துவிடுங்கள், ஆயில் டாங்கையும் சேர்த்து. பாதிக் குழாயைத் தொங்கவிட்டால் அடுத்து வருபவர் அதை எங்காவது மாட்டிவிடுவார். பம்ப் இன்னும் இருக்கிறது போலும் என்று நம்பவும் செய்வார்.

ஒயர்களில் ஒரு எச்சரிக்கை

ஆயில் டாங்கிலிருந்து வரும் இரண்டு ஒயர் பிளக்கைக் கழற்றுங்கள். பம்பில் உள்ள ஒயர் பிளக்கையும் கழற்றுங்கள். இல்லையென்றால் ஆயில் வரவில்லை என்று ஹார்ன் அலறிக்கொண்டே இருக்கும். ஒயர்களை வெட்ட வேண்டாம். முனைகளைச் சுத்தம் செய்து, டேப் சுற்றி, சூடான பகுதியில் படாமல் கட்டிவையுங்கள்.

ஆனால் ஹார்னையே கழற்றி எறிந்துவிடாதீர்கள். இன்ஜின் அதிகச் சூடானால் எச்சரிப்பதும் அதே ஹார்ன்தான். சிலிண்டர் ஹெட்டில் உள்ள வெப்ப சுவிட்சிலிருந்து பழுப்பு நிற ஒயர் ஒன்று ஹார்னுக்குப் போகிறது. வெள்ளத்தில் ஓடும் மோட்டார், பிளாஸ்டிக் பை, வைக்கோல், ஆகாயத்தாமரை வேர் எல்லாவற்றையும் தண்ணீர்த் துளையில் இழுத்து அடைத்துக்கொள்ளும். நம் ஏரிகளில் ஆயில் கோளாறைவிட இதுதான் அடிக்கடி நடக்கும். அந்த நேரத்தில் ஹார்ன் மட்டுமே உங்களுக்குச் சொல்லும்.

சோதிப்பது எளிது. பேட்டரியை மீண்டும் இணைத்து, இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, வெப்ப சுவிட்சின் பழுப்பு ஒயர் முனையைக் கழற்றி இன்ஜினின் வெறும் உலோகத்தில் தொட்டுப் பாருங்கள். ஹார்ன் ஒலித்தால் நல்லது. ஒலிக்கவில்லை என்றால் அதைச் சரிசெய்யும்வரை மோட்டாரைத் தண்ணீரில் இறக்க வேண்டாம். சோதித்த பிறகு ஒயரை மறுபடி மாட்ட மறக்காதீர்கள்.

வி.ஆர்.ஓ.வின் பெட்ரோல் பகுதியும் பழுதாகியிருந்தால், அதாவது ஆயிலைத் துண்டித்த பிறகும் முழு வேகத்தில் இன்ஜின் திணறி, ரப்பர் பந்தை அமுக்கினால் மட்டும் சரியானால், பம்பை முழுதாக எடுத்துவிட்டு அதே துடிப்பில் ஓடும் சாதாரண பெட்ரோல் பம்ப் வைக்க வேண்டும். இன்ஜினின் குதிரைத்திறனுக்குப் போதுமான பம்பா என்று கேட்டு வாங்குங்கள்.

யமஹாவும் மெர்க்குரியும்

இவற்றில் குழாயைக் கழற்றிவிட்டுப் பம்பை அப்படியே விடக்கூடாது. பல்சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆயில் இல்லாத பம்ப் உள்ளே தேய்ந்து இறுகி, பல்சக்கரத்தை உடைத்து, துகள்களை இன்ஜினுக்குள் அனுப்பும். பம்பை எடுத்து, அதைச் சுற்றும் சக்கரத்தையும் வெளியே எடுத்து, அந்த இடத்தில் தகடு வைத்து மூட வேண்டும். திராட்டிலோடு பம்பைச் சேர்க்கும் சிறு கம்பியையும் நீக்க வேண்டும். தகட்டை நல்ல லேத் பட்டறையில் அலுமினியத்தில் சமதளமாகக் கடைந்து வாங்கி, பேக்கிங் அல்லது ஓ-ரிங் வைத்து இறுக்குங்கள். இங்கே காற்றுக் கசிவு இருந்தால் அது நேராகக் கிராங்க் அறைக்குப் போய்விடும்.

யமஹாவில் ஆயில் கார்புரேட்டருக்குப் பின்னால், இன்டேக் மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாயில் வருகிறது. அந்த நிப்பிள்கள் ஒவ்வொன்றையும் மூட வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அந்த சிலிண்டர் மட்டும் வறண்டு எரியும். இன்னொன்று: கார்புரேட்டர் கிண்ணங்களில் இப்போது இருப்பது ஆயில் கலக்காத பெட்ரோல். அவற்றின் அடியில் உள்ள திருகைத் திறந்து முழுதாக வடித்துவிட்டு, கலவையை ரப்பர் பந்தால் நிரப்பிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். வி.ஆர்.ஓ.வில் கலந்தபின்தான் கார்புரேட்டருக்கு வருகிறது என்பதால் இந்தத் தொல்லை இல்லை. சில யமஹா மாடல்களில் ஆயில் டாங்க் காலி என்று சென்சார் சொன்னால் இன்ஜின் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அவற்றில் டாங்கை நிரப்பி மூடி, அப்படியே விட்டுவிடுவது எளிய வழி.

மெர்க்குரியின் பெரிய இன்ஜின்களில் இந்தச் சக்கரத்தை எடுப்பது புதியவர் செய்யும் வேலை இல்லை. படகு மோட்டார் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

கலவை

இந்த வகைப் பழைய மோட்டார்களுக்குப் பொதுவான அளவு 50-க்கு 1. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. 10 லிட்டருக்கு 200 மில்லி, 25 லிட்டர் டாங்குக்கு அரை லிட்டர். உங்கள் மோட்டாரின் கையேடு வேறு அளவு சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். இன்ஜினைப் பிரித்துப் புதுப் பிஸ்டன் போட்டிருந்தால் பழகும்வரை 25-க்கு 1.

டாங்கை வண்டியில் ஏற்றிப் பெட்ரோல் பங்குக்கு எடுத்துப் போவதானால் கீழே இறக்கி, தரையில் வைத்து நிரப்புங்கள். பிளாஸ்டிக் கேனில் கேட்டால் தர மறுப்பார்கள், அது சரிதான். முதலில் பாதிப் பெட்ரோல், பிறகு அளந்த ஆயில் முழுவதும், நன்றாகக் குலுக்கல், அதன்பின் மீதிப் பெட்ரோல், மறுபடி குலுக்கல். ஆயிலைக் கடைசியில் ஊற்றினால் அது மேலே மிதக்காமல் அடியில் போய்த் தங்கும். உறிஞ்சும் முனை முதலில் ஆயிலையே இழுக்கும், பிறகு வெறும் பெட்ரோல்.

கண்ணளவு வேண்டாம். "கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றிவிடலாமா அண்ணா, இன்ஜினுக்கு நல்லதுதானே" என்று இளைஞர்கள் கேட்பார்கள். நல்லதல்ல. ஆயில் கூடினால் பிளக் கறுத்து நனைந்து, ஒரு சிலிண்டர் வேலைநிறுத்தம் செய்யும். அது நடப்பது நடு ஏரியில், ஆட்களை ஏற்றியிருக்கும்போது.

எத்தனால் உள்ள பெட்ரோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். போதிய தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து டாங்கின் அடியில் தனி அடுக்காக நிற்கும். அந்த அடுக்கில் ஆயில் இருக்காது. பம்பைக் கழற்றிய மோட்டாருக்கு இதைவிடக் கெட்டது வேறில்லை. அதனால் கலவையை ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம், கலந்த தேதியை டாங்கில் எழுதுங்கள், டாங்கின் மூடியை இறுக்கமாக வையுங்கள். மழைக்காலத்துக்கென்று ஆகஸ்டிலேயே கலந்து வைப்பதைவிட, அளந்த ஆயிலைச் சிறு பாட்டில்களில் 200 மில்லி, 500 மில்லி என்று தனித்தனியாக அடைத்து, டாங்கோடு கட்டிவைத்துவிட்டு, தேவை வரும்போது பெட்ரோல் வாங்கிக் கலப்பது நல்ல முறை. இருட்டில், மழையில், அளக்க வேண்டிய வேலையே இல்லாமல் போகிறது: ஒரு பாட்டில், இத்தனை லிட்டர்.

எழுதிவைத்தல்

ஊர்ப் படகை இன்று நீங்கள் ஓட்டுவீர்கள், அடுத்த ஆண்டு உங்கள் தம்பி ஓட்டுவான், வெள்ள நாளில் பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒருவர் ஓட்டுவார். மேல்மூடியில் நிறுவனம் அச்சிட்ட ஆயில் பம்ப் அடையாளம் இன்னும் இருந்தால் அவர்கள் அதைத்தான் நம்புவார்கள். அதைச் சுரண்டி எடுங்கள் அல்லது பெயிண்டால் மறையுங்கள்.

பிறகு பெயிண்டில், தமிழில், பெரிய எழுத்தில், மூன்று இடத்தில் எழுதுங்கள்: பெட்ரோல் டாங்கின் மூடிக்குப் பக்கத்தில், மோட்டாரின் மேல்மூடியில், படகுக்குள் ஓட்டுபவர் கண்ணில் படும் பலகையில். "ஆயில் கலந்த பெட்ரோல் மட்டும். 10 லிட்டருக்கு 200 மில்லி. வெறும் பெட்ரோல் ஊற்றாதே." மார்க்கர் பேனா பெட்ரோல் பட்டால் அழிந்துவிடும். ஸ்டிக்கர் உரிந்துவிடும். எனாமல் பெயிண்ட் நிற்கும். கலவை டாங்குக்கு வேறு நிறம் கொடுத்து, படகுக்கென்று அந்த ஒரு டாங்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் பெட்ரோல் இருக்கும் கேன் படகின் பக்கம் வரவே கூடாது.

டிரம்மில் ஓட்டிப் பார்த்தல்

பைக் மெக்கானிக் பழக்கத்தில் மோட்டாரை ஸ்டாண்டில் நிறுத்தி வறண்ட நிலையில் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். கீழே தண்ணீரை இழுக்கும் ரப்பர் இம்பெல்லர் தண்ணீர் இல்லாமல் சில விநாடிகளிலேயே கருகத் தொடங்கும். 200 லிட்டர் டிரம் ஒன்றை மேல்பக்கம் வெட்டி, மோட்டாரை உறுதியான சட்டத்தில் மாட்டி, புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டையான தகடு மூழ்கும்வரை தண்ணீர் நிரப்புங்கள். புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும்.

ரப்பர் பந்து கெட்டியாகும்வரை அமுக்குங்கள். அப்போதே எல்லா இணைப்புகளையும், முக்கியமாக நீங்கள் மூடிய நிப்பிளையும், விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஸ்டார்ட் ஆனவுடன் மோட்டாரின் பின்பக்கத்துச் சிறு துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்ச வேண்டும். அரை நிமிடத்துக்குள் வரவில்லை என்றால் அணைத்துவிடுங்கள்.

ஐட்லிங்கில் முன்பைவிடப் புகை கூடுதலாக இருக்கும். பயப்பட வேண்டாம். முன்பு 150-க்கு 1 போன இடத்தில் இப்போது 50-க்கு 1 போகிறது. மெதுவாக நெடுநேரம் ஓட்டினால் பிளக் சீக்கிரம் அழுக்காகும் என்பதால் படகில் எப்போதும் ஒரு செட் புதுப் பிளக்கும் பிளக் ஸ்பேனரும் இருக்கட்டும். பத்து நிமிடம் ஓட்டி அணைத்து, ஆறியபின் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி லேசான ஆயில் ஈரத்தோடு இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் வெளுத்துக் காய்ந்திருந்தால் அந்த சிலிண்டருக்குக் காற்று எங்கிருந்தோ போகிறது. கண்டுபிடிக்காமல் ஏரிக்குப் போகாதீர்கள்.

ஏரியில் மோட்டார் படகை இறக்க நீர்வளத் துறை அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். வெள்ள நாளில் உதவ வேண்டும் என்பதைச் சொல்லி, வட்டாட்சியர் அலுவலகத்திலும் தீயணைப்பு நிலையத்திலும் படகு இருக்கும் விவரத்தைக் கொடுத்துவையுங்கள். முதல் ஓட்டத்தில் உயிர்காப்பு உடை, துடுப்பு, கயிறு வேண்டும். காற்று இல்லாத காலை நேரமாக, கரையை ஒட்டியே, பாதி வேகத்துக்கு மேல் போகாமல் ஓட்டுங்கள். இரண்டாம் முறை முழு வேகத்தில் ஓரிரு நிமிடம் ஓட்டி, அந்த வேகத்திலேயே சாவியை அணைத்து, கரைக்குத் துடுப்புப் போட்டு வந்து மறுபடி பிளக்கைப் பாருங்கள். முழு வேகத்தில் கலவை சரியாகப் போகிறதா என்பது அப்போதுதான் தெரியும்; மெதுவாக ஓட்டிக்கொண்டே கரைக்கு வந்தால் அந்த அடையாளம் மறைந்துவிடும்.

கழற்றிய குழாய், டாங்க், யமஹாவாக இருந்தால் பம்பும் பல்சக்கரமும், எல்லாவற்றையும் துடைத்து ஒரு பையில் போட்டு, எடுத்த படங்களின் அச்சோடும், என்றைக்கு என்ன செய்தீர்கள் என்ற குறிப்போடும் மோட்டார் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். மோட்டாரை விற்றால் பையையும் சேர்த்துக் கொடுங்கள், வாங்குபவரிடம் கலவை அளவை வாயாலும் சொல்லுங்கள்.